ஆடிஷனில் கீழ் ஸ்தாயி: யூஃபோனியம் பயிற்சி குறித்த நெடுநாள் விவாதம்

யூஃபோனியத்தில் கீழ் ஸ்தாயியில் விரைந்து ஓடும் ஒரு கடினமான பகுதியை ஆடிஷனுக்கு எப்படிப் பழகுவது? கேள்வி சிறியதுதான். ஆனால் கருவி செய்பவர்கள், ஆசிரியர்கள், ஒலியியல் அறிஞர்கள், உளவியலாளர்கள் எனப் பலரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு ஆளுக்கொரு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். குறை குழாயில் என்றார் ஒருவர், உதட்டில் என்றார் இன்னொருவர், காற்றில் என்றார் மற்றொருவர். பழகும் முறையே தவறு என்பவர்கள் அண்மைக் காலத்தவர்கள். இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவை தாங்குகின்றன, எவை தாங்கவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கீழ் ஸ்தாயி என்று இங்கே சொல்வது பாஸ் கிளெஃபின் இரண்டாம் கோட்டில் உள்ள பி ஃபிளாட்டிலிருந்து ஓர் ஆக்டேவ் கீழே உள்ள பெடல் பி ஃபிளாட் வரையிலான பரப்பை. பேண்டுக்கென்றே எழுதப்பட்ட பழைய யூஃபோனியம் பகுதிகள் இதன் அடியாழத்துக்கு அடிக்கடி இறங்குவதில்லை. மூன்று வால்வு கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை பல. சிக்கல் பெருமளவு வந்தது ஆர்கெஸ்ட்ரா படைப்புகளை பேண்டுக்கு மாற்றி எழுதியதால். செல்லோவும் பசூனும் வாசித்த வரிகள் யூஃபோனியத்தின் தலையில் விழுந்தன. செல்லோவில் நான்காம் தந்தியில் சிரமமின்றி வரும் ஓட்டம், இங்கே இரு கைகளுக்கும் நுரையீரலுக்கும் சோதனையாகிறது.

அமெரிக்க ராணுவ இசைக்குழுக்களின் ஆடிஷன்களில் இந்தச் சோதனை மிகக் கூர்மையானது. ஒரே ஒரு காலியிடம். தொடக்கச் சுற்றுகள் பெரும்பாலும் திரைக்குப் பின்னால். சில நிமிடங்களில் சில பகுதிகள். பட்டியலில் ஹோல்ஸ்டின் இரண்டு சூட்டுகள் (1909, 1911), கிரைஞ்சரின் ‘லிங்கன்ஷயர் போஸி’ (1937), ஷோன்பெர்கின் ‘தீம் அண்ட் வேரியேஷன்ஸ்’ (1943), ஹிண்டமித்தின் பி ஃபிளாட் சிம்ஃபனி (1951) போன்றவை அடிக்கடி இடம்பெறும்; கூடவே மாற்றி எழுதப்பட்ட ஆர்கெஸ்ட்ரா முன்னிசைகள். கீழ் ஸ்தாயி அங்கே தனித் தேர்வாக வருவதில்லை. மேலே பாடிக்கொண்டிருந்தவரை மூச்சு வாங்கும் நேரத்துக்குள் கீழே இறங்கச் சொல்லும் தேர்வாக வருகிறது.

குறை குழாயில் என்ற வாதம்

முதல் விடை பட்டறையிலிருந்து வந்தது. யூஃபோனியத்தின் குழாய் ஏறத்தாழ 9 அடி நீளம். முதல் வால்வு ஒரு முழுச் சுரம் இறக்கும். இரண்டாவது அரைச் சுரம். மூன்றாவது ஒன்றரைச் சுரம். நான்காவது இரண்டரைச் சுரம். ஒவ்வொரு வால்வின் துணைக்குழாயும் அது தனியாக அழுத்தப்படும்போது சரியாக இருக்கும்படி வெட்டப்பட்டது. இரண்டை ஒன்றாக அழுத்தினால் கணக்கு உதைக்கிறது. முதல் வால்வு ஏற்கெனவே குழாயை நீட்டிவிட்டதால், மூன்றாவது வால்வு சேர்க்கும் துண்டு இப்போது போதாது. குழாய் தேவையைவிடக் குட்டையாக நிற்கிறது, சுருதி ஏறுகிறது.

எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கணக்கிடலாம். அரைச் சுரத்தை நூறு செண்ட்டாகக் கொண்டால், தனித்தனியே துல்லியமாக ஒத்திசைத்த வால்வுகளில் ஒன்று–மூன்று சேர்க்கை சுமார் 30 செண்ட் ஏறி நிற்கும். ஒன்று–இரண்டு–மூன்று சுமார் 54 செண்ட், அதாவது அரைச் சுரத்தில் பாதிக்கு மேல். நான்கையும் அழுத்தினால் பிழை 175 செண்ட்டைத் தொடும். அந்த அளவு பிழையை எந்த உதடும் ஈடுகட்டாது. அதனால்தான் சாதாரண நான்கு வால்வு கருவியில் பெடலுக்கு அரைச் சுரம் மேலே உள்ள பி நேச்சுரல் முறையான விரலமைப்பில் கிடைப்பதே இல்லை. அதற்கு மேலுள்ள சுரங்களுக்கும் ஒரு படி தள்ளி விரல் வைக்க வேண்டியிருக்கிறது.

லண்டனில் பூஸி நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் பிளெய்க்லி 1874-ல் காப்புரிமை பெற்ற காம்பன்சேட்டிங் அமைப்பு இதற்கு ஒரு நேர்த்தியான தீர்வு. இன்றைய நான்கு வால்வு வடிவத்தில், நான்காம் வால்வை அழுத்தியதும் காற்று மற்ற மூன்று வால்வுகள் வழியாக இரண்டாம் முறை சுற்றி வருகிறது. அந்தச் சுற்றில் குறைந்த நீளத்தைச் சிறு வளையங்கள் கொடுக்கின்றன. வாசிப்பவர் எதையும் இழுக்கவோ தள்ளவோ வேண்டியதில்லை. ஈ ஃபிளாட்டுக்கு ஒன்று–நான்கு, டி ஃபிளாட்டுக்கு இரண்டு–மூன்று–நான்கு, சி-க்கு ஒன்று–மூன்று–நான்கு, பி நேச்சுரலுக்கு நான்கும் என விரல்கள் ஒழுங்காக இறங்குகின்றன.

இந்த வாதத்தின் வலிமை கணிதத்தில் இருக்கிறது; அதை மறுக்க முடியாது. ஆனால் நீளத்தைத் திருத்துவது வேறு, ஒலியைத் திறப்பது வேறு. காற்று கூடுதல் வளைவுகளைக் கடப்பதால் அந்தச் சுரங்கள் அடைத்தாற்போல் ஒலிப்பதாக வாசிப்பவர்கள் நெடுங்காலமாகக் கூறிவருகிறார்கள். கருவியை மாற்றினால் சிக்கல் தீரும் என்பது பாதி உண்மைதான். எனினும் பயிற்சியைத் தொடங்கும் முன் இந்தப் பாதியைத் தீர்த்துக்கொள்வது அவசியம். காம்பன்சேட்டிங் இல்லாத கருவியில் நான்கு வால்வுகளையும் அழுத்தி சி சுரத்தோடு மல்லுக்கட்டும் மாணவரிடம் இன்னும் பழகு என்று சொல்வது நியாயமல்ல. அவர் போராடுவது குழாயின் நீளத்தோடு.

மூன்று வால்வு கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கவழி உண்டு. இரண்டாம் ஹார்மோனிக்குக்கும் பெடலுக்கும் இடையே, ஈ ஃபிளாட்டை ஒட்டி, வால்வு அழுத்தாமலேயே ஒரு போலிச் சுரம் பல யூஃபோனியங்களில் கிடைக்கும். அங்கிருந்து வழக்கமான விரல்களால் கீழே இறங்கலாம். அதன் நிறம் சற்று மங்கல், பிடிப்பும் குறைவு. நீண்ட சுரத்துக்கு உதவும். வேகமான ஓட்டத்தில் அதை நம்புவது ஆபத்து.

மவுத்பீஸ் பற்றிய விவாதத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஷில்கி 51டி, டெனிஸ் விக்கின் எஸ்.எம். வரிசை போன்றவை பரவலாகப் புழங்குவதற்குக் காரணம் அவை மேலும் கீழும் ஒருசேரத் தாங்குவதே. ஆடிஷனுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கீழ்ச் சுரங்களுக்காக மட்டும் பெரிய கிண்ணத்துக்கு மாறினால், மேல் ஸ்தாயியில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

உதடா, காற்றா?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விவாதம் பட்டறையை விட்டு உடலுக்கு வந்தது. ஹார்ன் கலைஞர் ஃபிலிப் ஃபார்க்கஸ் 1962-ல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் பிராஸ் பிளேயிங்’ நூலில், தாடையை முன்னே கொண்டுவந்து காற்றை மவுத்பீஸுக்குள் நேராகச் செலுத்த வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் 40 ஹார்ன் கலைஞர்களின் உதடுகளைப் படமெடுத்து 1970-ல் நூலாக்கியபோது, பெரும்பாலோரின் காற்று கீழ்நோக்கிச் செல்வதே தெரிந்தது. தன் கருத்துக்கு எதிரான சான்றைத் தானே தேடி அச்சிட்ட அவருடைய நேர்மை போற்றத்தக்கது. டொனால்டு ரெய்ன்ஹார்ட் இதற்கு முன்பே, ஆளுக்கு ஆள் பல் வரிசையும் தாடையும் வேறுபடுவதால் உதட்டுப் பிடியும் வகைவகையாகத்தான் இருக்கும் என்று கூறி, வகைகளைப் பிரித்து வைத்திருந்தார்.

கீழ் ஸ்தாயி தொடர்பாக இந்த மரபிலிருந்து எழுந்த தீராத கேள்வி ஒன்று: கீழே இறங்கும்போது உதட்டை வேறொரு பிடிக்கு மாற்றலாமா, கூடாதா? மாற்றலாம் என்பவர்கள் ஒலியின் அகலத்தைக் காட்டுகிறார்கள். கூடாது என்பவர்கள் திரும்பி மேலே வரும்போது ஏற்படும் விரிசலைக் காட்டுகிறார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் பீட்டர் இல்டிஸ் குழுவினர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஹார்ன் கலைஞர்களை வாசிக்கவைத்து எடுத்த படங்கள், சுரம் இறங்கும்போது நாக்கு தாழ்ந்து வாயின் உள்வெளி மாறுவதைக் காட்டின. உள்ளே நிறைய மாறுகிறது என்பது இதனால் உறுதியாகிறது. ஆனால் உதட்டுப் பிடி பற்றிய வழக்கை இது தீர்த்து வைக்கவில்லை.

இசைப் பகுதியைப் பொறுத்தே இதை முடிவு செய்வது நல்லதென்று தோன்றுகிறது. எட்டு பார் முழுக்கக் கீழேயே தங்கும் வரியில் பிடியை மாற்றினால் கெடுதல் இல்லை. ஒரே பாரில் இறங்கி ஏறும் வரியில் மாற்றுவதற்கு நேரமே கிடையாது. அங்கே தாடையைத் தாழ்த்தி, உதட்டோரங்களைத் தளரவிடாமல், ஒரே பிடியில் கடக்கப் பழக வேண்டும்.

காற்றின் பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர் ஆர்னால்டு ஜேக்கப்ஸ். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்ஃபனியின் டியூபா கலைஞர். ‘பாட்டும் காற்றும்’ என்று சுருக்கமாக அறியப்படும் அவருடைய போதனை, தசைகளைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு மனத்தில் பாடும் ஒலியையும் வெளியே ஓடும் காற்றையும் மட்டும் கவனிக்கச் சொன்னது. கீழ்ச் சுரங்களுக்கு அழுத்தம் குறைவாகவும் காற்றோட்டம் அதிகமாகவும் வேண்டும் என்று அவர் விளக்கினார். அளவீடுகளும் பொதுவாக இதற்கு ஒத்துவருகின்றன. ஜேக்கப்ஸின் சொந்த நுரையீரல் கொள்ளளவு சராசரிக்கும் குறைவு என்பதால், மூச்சைச் செலவழிக்கும் கணக்கை அவர் யாரையும்விட நுணுக்கமாகச் சிந்தித்தார்.

அவருடைய சொற்கள் வகுப்பறைகளில் பரவியபோது ‘இன்னும் ஊது’ என்று சுருங்கிப்போனதுதான் பலவீனம். கீழே அழுத்தி ஊதினால் சுருதி ஏறும், அல்லது சுரம் மேல் ஹார்மோனிக்குக்குத் தாவும். வேண்டியது அகலமான, மெதுவான காற்று. அதைவிட முக்கியம், மூச்சு எடுக்கும் இடத்தைத் தாளில் பென்சிலால் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எடுப்பது.

காலத்தின் சிக்கல்

மேற்சொன்ன வாதங்களில் போதிய கவனம் பெறாத ஒன்று, கீழ்ச் சுரம் தாமதித்துப் பேசுவது. உதடு தொடங்கும் அதிர்வு குழாயின் மறுமுனைக்குப் போய் எதிரொலித்துத் திரும்பிய பிறகே குழாய் உதட்டுக்குத் துணை நிற்கத் தொடங்கும். வால்வு அழுத்தாத யூஃபோனியத்தில் இந்தப் போக்குவரத்துக்கு ஏறக்குறைய 16 மில்லி விநாடி ஆகும். நான்கு வால்வுகளும் அழுத்தப்பட்டால் குழாய் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி, 30 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 132 என்ற வேகத்தில் ஒரு பதினாறாம் சுரம் நிலைக்கும் நேரமே சுமார் 114 மில்லி விநாடி. அதில் கால் பங்கு, முதல் எதிரொலி வருவதற்குள்ளேயே போய்விடுகிறது.

திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நடுவர் காதில் இது மந்தமான தாளமாக விழுகிறது. கலைஞருக்குத் தான் சரியாகத்தான் வாசித்தோம் என்று தோன்றும், ஏனென்றால் அவருடைய நாக்கும் விரலும் நேரத்துக்கு அசைந்தன. ஒலிதான் பிந்தியது. மெட்ரனோமோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்து, அறையின் தூரத்தில் வைத்த மைக்கில் கேட்டால் மட்டுமே இது பிடிபடும். கீழ் ஸ்தாயிப் பயிற்சியில் ஒலிப்பதிவை விருப்பமான துணையாகக் கருதாமல் கட்டாயமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

மெதுவாகப் பழகுவதும் அதன் எல்லையும்

மெதுவாகத் தொடங்கு, மெட்ரனோமை ஒவ்வொரு படியாக ஏற்று என்பது எல்லா இசைப் பள்ளிகளின் பழைய விதி. விரலுக்கு அது நல்லது. உதாரணமாக ஜி ஃபிளாட்டிலிருந்து எஃப்-க்கு இறங்கும் இடத்தைப் பார்க்கலாம். காம்பன்சேட்டிங் கருவியில் முதல் மூன்று வால்வுகள் வலது கையில், நான்காவது வால்வு பக்கவாட்டில் இடது கையில். ஜி ஃபிளாட்டுக்கு வலது கையின் இரண்டாம், மூன்றாம் வால்வுகள்; எஃப்-க்கு நான்காவது. இரண்டு விரல்கள் எழும் அதே கணத்தில் மறு கையின் விரல் இறங்க வேண்டும். ஒரு நூலிழை பிந்தினால் இடையில் திறந்த குழாயின் பி ஃபிளாட் எட்டிப் பார்த்துவிடும். இந்த மாற்றத்தை மெதுவாகவும், காற்றே ஊதாமல் விரல்களை மட்டும் அசைத்தும் பழகுவதற்கு மாற்று இல்லை. மெதுவான வரியில் எஃப்-ஐ ஒன்று–மூன்றில் பிடித்து இடது கையைத் தவிர்க்கலாம். ஆனால் சுருதி ஏறும், அதற்குக் கீழே ஈ ஃபிளாட் வரும்போது நான்காம் வால்வுக்கு எப்படியும் போக வேண்டியிருக்கும்.

மூச்சுக்கு இந்த விதி பொருந்தாது. உரிய வேகத்தில் ஆறு விநாடியில் முடியும் வரியைப் பாதி வேகத்தில் வாசித்தால் பன்னிரண்டு விநாடி. கீழ் ஸ்தாயியில் ஒரே மூச்சில் அது நடக்காது. மாணவர் காற்றைச் சுருக்குவார், அல்லது நடுவில் மூச்சு வாங்குவார். இரண்டும் பழக்கமாகி, உரிய வேகத்துக்கு வந்த பிறகும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மெதுவான பயிற்சியோடு, நான்கைந்து சுரங்கள் கொண்ட சிறு துண்டுகளை முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில், முழுக் காற்றோடு வாசிப்பதும் வேண்டும். பிறகு துண்டுகளைச் சுரம் சுரமாக நீட்டலாம்.

ஓர் ஆக்டேவ் மேலே வாசித்துவிட்டு அப்படியே கீழே கொண்டுவருவது இன்னொரு பழைய உத்தி. இதன் மறுபக்கம், ஜோஹானஸ் ரோஷூ போர்டோனியின் பாட்டுப் பயிற்சிகளை டிராம்போனுக்கு மாற்றி எழுதிய தொகுப்பை ஓர் ஆக்டேவ் தாழ்த்தி வாசிப்பது. தாழ்ந்த பிராஸ் கலைஞர்களிடையே இது கிட்டத்தட்ட பொதுவழக்கு. இரண்டுமே காதுக்கு உதவுகின்றன: கீழ்ச் சுரங்களின் அடிப்படை அதிர்வு பலவீனமாக இருப்பதால் அவற்றின் சுருதியைக் காது எளிதில் தவறவிடும், மேலே கேட்ட சுருதி கீழே வழிகாட்டுகிறது. ஆனால் விரலமைப்பு வேறு, குழாயின் எதிர்வினை வேறு. முதல் சில நாட்களைத் தாண்டி இந்த உத்தியில் தங்கிவிடுவது, கடினத்தை ஒத்திப்போடுவதாகவே முடியும்.

திரும்பத் திரும்ப வாசிப்பது பற்றி

பழகும் முறையையே ஆராய்ந்தவர்கள் விவாதத்துக்கு வேறொரு தளத்தைக் கொடுத்தார்கள். 1979-ல் ஷேயும் மார்கனும் கையசைவுகளை வைத்து நடத்திய சோதனையில், ஒரே செயலைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது சிறந்து விளங்கினார்கள். மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பின்னர் நடந்த சோதனையில் முந்தினார்கள். 2016-ல் கிறிஸ்டின் கார்ட்டரும் ஜெசிகா கிரானும் பத்துக் கிளாரினெட் கலைஞர்களைக் கொண்டு இதை இசையில் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் தொடர்ந்து 12 நிமிடம் பழகுவதைவிட, மூன்று மூன்று நிமிடங்களாக மற்றொன்றோடு மாற்றிப் பழகியதற்குச் சற்றே கூடுதல் ஆதரவு கிடைத்தது. சற்றே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்துப் பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது.

இதைவிடக் கூர்மையானது ராபர்ட் டியூக் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு. பதினேழு பியானோ மாணவர்கள் ஷோஸ்டகோவிச்சின் ஒரு கடினமான பகுதியைப் பழகி, மறுநாள் வாசித்துக் காட்டினார்கள். எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் அவர்கள் பெற்ற தரவரிசைக்கும் தொடர்பு தெரியவில்லை. முன்னிலை பெற்றவர்களும் தவறு செய்தார்கள். ஆனால் தவறு நேர்ந்த இடத்தைத் துல்லியமாகக் கண்டு, வேகத்தைக் குறைத்து, சரியாகும் வரை விடாமல் அங்கேயே நின்றார்கள்.

யூஃபோனியத்துக்கு இவற்றை அப்படியே மாற்ற முடியுமா என்பதில் எச்சரிக்கை வேண்டும். பியானோ விரலுக்கு இல்லாத களைப்பு உதட்டுக்கு உண்டு. கீழே நீண்ட நேரம் வாசித்தபின் மேல் ஸ்தாயி தளர்ந்துவிடுகிறது என்பது பலரது குறை. பெடல் சுரங்கள் மேல் ஸ்தாயியை வலுப்படுத்தும் என்பது டிரம்பெட் ஆசிரியர் கிளாட் கார்டனின் வழிவந்தோர் நம்பிக்கை. இரு தரப்பும் அனுபவத்தையே சான்றாகக் காட்டுகின்றன.

ஆனாலும் ஆடிஷனின் இயல்பு இந்த ஆய்வுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. அங்கே ஒரு பகுதியை இருபதாவது முறை வாசிக்கக் கேட்பதில்லை. முதல் முறை மட்டுமே கேட்பார்கள், அதுவும் வேறொரு பகுதிக்குப் பிறகு. ஆகவே கீழ் ஸ்தாயிப் பகுதியைத் தனியாக, சூடேறிய உதட்டோடு, வரிசையாகப் பத்து முறை வாசித்துச் சரியென்று திருப்திப்படுவது ஏமாற்றும். மேல் ஸ்தாயியில் ஒரு மெல்லிசைத் தனியிசையை முடித்து, கருவியை இறக்கி, தண்ணீர் வடித்து, பக்கம் திருப்பி, ஒரே ஒரு முறை வாசித்துப் பார்ப்பதே உண்மையான அளவுகோல். அந்த ஒரு முறையைப் பதிவு செய்து கேட்டு, அதில் விழுந்த இடத்தை அடுத்த நாள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எது முடிந்தது, எது முடியவில்லை

கருவியின் பிழை பற்றிய வாதம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. எந்தச் சுரம் எவ்வளவு விலகும் என்பது தெரியும். கலைஞர் தன் கருவியை டியூனரோடு ஒருமுறை முழுதாக அளந்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். காற்று பற்றிய ஜேக்கப்ஸின் அடிப்படைக் கருத்து, தவறாகச் சுருக்கப்படாத வரையில், உறுதியாக நிற்கிறது. தவறு நேர்ந்த இடத்தில் நிற்பதன் பயன், வேறொரு கருவியில் காணப்பட்டதானாலும், நம்பத்தக்கது. இந்த மூன்றிலும் ஓர் ஒழுங்கும் இருக்கிறது: முதலில் கருவி, பிறகு மூச்சு, அதன் பின்பே திரும்ப வாசித்தல். வரிசை தலைகீழானால் பிழையையே மனப்பாடம் செய்ய நேரும்.

உதட்டுப் பிடியை மாற்றுவது பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது. உடலமைப்பு ஆளுக்காள் வேறுபடும்வரை ஒரே விடை கிடைப்பது ஐயமே. பெடல் பயிற்சி மேல் ஸ்தாயிக்கு உதவுகிறதா கெடுக்கிறதா என்பதும் அப்படியே. மாற்றி மாற்றிப் பழகுவதில் எத்தனை நிமிட இடைவெளி உதட்டுக்கு ஏற்றது என்பதைக் கிளாரினெட்டிலிருந்து ஊகிக்க முடியாது. பிராஸ் கலைஞர்களை வைத்தே பார்க்க வேண்டும்.

ஆடிஷன் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கீழ் ஸ்தாயிப் பகுதி ஒன்றைப் பட்டியலில் சேர்க்கும்போது, எதிர்பார்க்கும் வேகத்தையும், காம்பன்சேட்டிங் நான்கு வால்வு கருவி தேவையா என்பதையும் தாளிலேயே குறிப்பிடுங்கள். மாணவர் பேண்டுகளில் இன்னும் மூன்று வால்வு கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஏந்தி வரும் பிள்ளைகள், தங்கள் குழாயில் இல்லாத ஒரு சுரத்துக்காக மதிப்பெண் இழக்கக் கூடாது.